பெரிய பீக்கைத் துரத்தாதே, தம்பி

ஓசூரிலிருந்து தினமும் பஸ் ஏறி எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும் தம்பி ஒருவன் போன மாதம் ஒரு தாளை என் மேஜையில் வைத்தான். ஹெச்பிஎல்சி படம். கலவையிலுள்ள பொருட்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு மேடாக, அதாவது பீக்காக, வரைந்து காட்டும் கருவி அது. நடுவில் தென்னை மரம் மாதிரி ஒரு பீக், சுற்றிலும் புல் பூண்டு.

"அக்கா, மருந்து இதுதான். இதை மட்டும் பிரித்தெடுத்தால் வேலை முடிந்தது."

"எத்தனை நானோமீட்டரில் பார்த்தாய்?"

"254."

"அப்படியென்றால் 254 நானோமீட்டர் ஒளியை எது நன்றாக விழுங்குகிறது என்று கண்டுபிடித்திருக்கிறாய். மருந்துக்கு இன்னும் நீ வரவே இல்லை."

பாவம், முகம் வாடிவிட்டது. அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. பெங்களூர் பீன்யாவில் பதினேழு வருடமாக மூலிகைச் சாறுகளோடு குடித்தனம் நடத்துகிறேன். புதிதாக வரும் எல்லோரும் முதலில் உயரமான பீக்கைத்தான் பிடிக்கிறார்கள். நானும் பிடித்தேன். அன்றைக்கு ஆரம்பித்து நாலைந்து நாள் டீ இடைவேளைகளில் அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். சீன மூலிகை ஒன்றில் வேலை செய்யும் பொருள் எது என்று தேட நினைக்கும் எம்.எஸ்சி., எம்.பார்ம். பிள்ளைகளுக்கு இது உதவலாம்.

அதற்கு முன் என் தாத்தாவைப் பற்றிக் கொஞ்சம். நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். பாறையில் தங்கம் எவ்வளவு என்று சோதிக்கும் சுரங்கத்தின் அசே ஆபீஸில் தாத்தா உதவியாள். அரைத்த பாறைத்தூளை ஈய ஆக்சைடோடு உருக்குவார்கள். தங்கம் ஈயத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அந்த ஈயக் கட்டியை எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்கினால் ஈயத்தைக் கிண்ணம் குடித்துவிடும். கடுகைவிடச் சின்ன மணி ஒன்று மிஞ்சும். அதை எடை போட்டு, அதில் கலந்திருக்கும் வெள்ளியை அமிலத்தில் கரைத்து, மறுபடி எடை போட வேண்டும். ஒவ்வொரு படியிலும் தாத்தா கேட்பது ஒன்றுதான்: உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு? சுரங்கத்தை 2001-ல் மூடினார்கள். நான் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வரத் தொடங்கினேன். கையில் எடுத்தது பாறைக்குப் பதில் இலை, கேள்வி மாறவில்லை.

என்ன வேலை என்று முதலில் சொல்லுங்கள்

தம்பி எடுத்த செடியின் சீனப் பெயர் சுவான் சின் லியன். எழுத்துக்கு எழுத்து பொருள் சொன்னால் ‘இதயம் துளைக்கும் தாமரை’. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், நம்ம நிலவேம்புதான் அது. நம் பக்கத்துச் செடி. தென் சீனாவில் குவாங்டோங், குவாங்ஷி பகுதிகளில் பயிர் செய்கிறார்கள், சீன மருந்தியல் நூலிலும் ஏறியிருக்கிறது. பழகுவதற்கு இதைவிட நல்ல செடி கிடையாது. கிடைப்பது சுலபம், விலை மலிவு, உள்ளே என்ன இருக்கிறது என்பது ஏற்கெனவே தெரியும். முதல் தடவை தேடும்போது விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

சீன மருத்துவம் இதை ‘சூட்டைத் தணித்து நஞ்சை முறிப்பது’ என்ற வகையில் வைக்கிறது. ‘சூடு’ என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டாம், நம் பாட்டிகளும் அதே வார்த்தையைத்தான் சொல்வார்கள். ஆனால் சூட்டை அளக்க ஆய்வுக்கூடத்தில் கருவி இல்லை. அதனால் எந்த நோய்க்குக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்: தொண்டை வலி, காய்ச்சல், வீக்கம். இதில் அளக்கக்கூடிய ஒரு துண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். தம்பி பிடித்தது அழற்சி. ரா 264.7 என்ற எலி மேக்ரோஃபேஜ் (கிருமி விழுங்கும்) செல்களுக்கு எல்பிஎஸ் என்ற பாக்டீரியாச் சுவர்ப் பொருளைக் கொடுத்தால், அவை கோபம் வந்து நைட்ரிக் ஆக்சைடைக் கக்கும். ஒரு நாள் கழித்து மேலே நிற்கும் திரவத்தில் கிரீஸ் (Griess) கரைசலை விட்டால் ரோஸ் நிறம் வரும். அந்த நிறத்தை 540 நானோமீட்டரில் படிக்கலாம். சாறு வேலை செய்தால் ரோஸ் வெளுக்கும்.

ஒரு எச்சரிக்கை. செத்த செல்லும் நைட்ரிக் ஆக்சைடு தராது. நிலவேம்பின் முக்கியப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடு அளவு கூடினால் செல்லைக் கொன்றுவிடும். ரோஸ் வெளுத்துவிட்டதே என்று சந்தோஷப்படும்போது தட்டில் பிணங்கள் கிடக்கும். எனவே அதே தட்டில், அதே நாளில், எம்டிடி என்ற சாயச் சோதனை போட்டு செல் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் அந்த நாளைக்கு வரவே வராது.

சோதனை சீக்கிரம் முடிவதாக, சிறு அளவில் செய்யக்கூடியதாக, நூறு தடவை போட்டாலும் அதே விடை தருவதாக இருக்க வேண்டும். ஏனென்றால் நூறு தடவை போடத்தான் போகிறீர்கள்.

செடி அதுதானா?

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். உடல் இளைக்க மருந்து கொடுத்த ஒரு கிளினிக்கில் சீன மூலிகை சேர்ந்த மாத்திரையைச் சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் கெட்டது. 1993-ல் மருத்துவர்கள் முதல் அறிக்கை வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் நூறைத் தாண்டினார்கள். சிலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. காரணம் பெயர்க் குழப்பம். சேர்க்க நினைத்தது ஃபாங் ஜி, அதாவது ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற கொடியின் வேர். வந்து சேர்ந்தது குவாங் ஃபாங் ஜி, அதாவது அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி. பெயரில் ஒரு அசைதான் வித்தியாசம். ஆனால் பின்னதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், டிஎன்ஏ-வில் போய் ஒட்டிக்கொள்ளும்.

நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே அரிஸ்டோலோக்கியா பேரினம்தான். ஃபாங் ஜி, மு டோங் என்று பெயர் போட்டு எது வந்தாலும், வேறு எந்த வேலைக்கும் முன்னால் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறதா என்று எல்சி-எம்எஸ்ஸில் (பொருட்களைப் பிரித்து மூலக்கூறு எடை பார்க்கும் கருவி) ஒரு ஓட்டு ஓட்டிவிடுங்கள்.

நிலவேம்பிலும் இந்தக் கூத்து உண்டு. பெங்களூரில் நாட்டு மருந்துக் கடையை கன்னடத்தில் கிரந்திகே அங்கடி என்பார்கள். அங்கே போய் நெலபேவு என்று கேளுங்கள். பெரும்பாலும் சரியான செடி வரும். சில நேரம் சிராத்தா, அதாவது ஸ்வெர்ஷியா வந்துவிடும். இரண்டும் கசப்பு, இரண்டுக்கும் பழைய நூல்களில் பெயர்கள் பின்னிக் கிடக்கின்றன. கசப்பை நாக்கில் வைத்துப் பார்த்துச் செடியைச் சொல்ல முடியாது. ஸ்வெர்ஷியாவில் இருக்கும் அமரோஜென்டின் உலகத்திலேயே மிகக் கசப்பான பொருட்களில் ஒன்று. ஆண்ட்ரோகிராஃபோலைடு அதில் கிடையாது.

எனக்கு ஒரு முறை வந்த பொட்டலத்தில் முக்கால்வாசி வெறும் தண்டு. உடைத்துப் பார்த்தேன். நிலவேம்புத் தண்டு நாலு பட்டையாக இருக்கும். இது உருண்டை, உள்ளே மஞ்சளாகச் சோறு, நகத்தால் நெம்பினால் கழன்று வருகிறது. அது சிராத்தா. சந்தேகம் இருந்தால் இலைத் துணுக்கை குளோரல் ஹைட்ரேட்டில் கொதிக்கவைத்து மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். நிலவேம்பு இலையின் மேல்தோலில் சிஸ்டோலித் என்கிற சுண்ணாம்புக் கட்டிகள் நீளவாக்கில் மின்னும். ஓரத்தில் ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விட்டால் அவற்றிலிருந்து குமிழி கிளம்புவதைக் கண்ணால் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. ஐந்து மாத வேலையைக் காப்பாற்றும்.

அப்புறம், தூளாக வாங்காதீர்கள். வேரோடு முழுச் செடி வாங்குங்கள். பூவும் காயும் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு செடியைத் தாளில் அழுத்தி, தேதி, வாங்கிய இடம், எடை எழுதி வையுங்கள். எலகங்காவுக்குப் பக்கத்தில் எஃப்ஆர்எல்ஹெச்டி வளாகத்தில் மருத்துவத் தாவரங்களுக்கென்றே ஹெர்பேரியம், அதாவது உலர்த்திய செடிகளின் காப்பகம், இருக்கிறது. அடையாளத்தை அங்கே உறுதி செய்துகொண்டு மாதிரி எண்ணை நோட்டில் ஏற்றுங்கள். எந்தப் பாகம், எந்தப் பருவம் என்பதும் முக்கியம். ஆண்ட்ரோகிராஃபோலைடு இலையில்தான் நிறைய, தண்டில் சொற்பம்.

கொதிக்கவைப்பதா, பிழிவதா?

இதற்கு நான் சொல்வது மலேரியா மருந்தான ஆர்டெமிசினினின் கதையைத்தான். 1967 மே 23-ல் சீனா மலேரியா மருந்து தேடும் ரகசியத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. தேதியை வைத்தே அதற்கு 523 என்று பெயர். அதில் சேர்ந்த து யூயூவின் குழு பழைய குறிப்புகளைத் துழாவி, ஏறக்குறைய 200 மூலிகைகளிலிருந்து 380-க்கும் மேற்பட்ட சாறுகளை மலேரியா கண்ட எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. சிங்ஹாவ் என்ற செடி ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. நான்காம் நூற்றாண்டில் கோ ஹோங் எழுதிய அவசர வைத்தியக் கையேட்டில் ஒரு வரி: ஒரு கைப்பிடி சிங்ஹாவை இரண்டு ஷெங் (பழைய சீன அளவு) தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாறு முழுவதையும் குடி.

பிழி என்று இருக்கிறது. காய்ச்சு என்று இல்லை.

சூடுதான் கெடுக்கிறதோ என்று து யூயூவுக்குப் பொறி தட்டியது. சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரில் சாறு எடுத்தார். அதிலிருந்த அமிலப் பகுதியை நீக்கினார், ஏனென்றால் அதில் நஞ்சு இருந்தது, பலன் இல்லை. மிஞ்சிய நடுநிலைப் பகுதி 191-ஆம் எண் மாதிரி. 1971 அக்டோபர் 4-ல் அது எலிகளில் ஒட்டுண்ணியை முழுசாக ஒழித்தது. அடுத்த வருடம் அவரும் கூட்டாளிகளும் முதலில் தங்கள் உடம்பிலேயே அந்தச் சாற்றைச் சோதித்துக்கொண்டார்கள். அதே வருடம் படிகமும் கிடைத்தது. நோபல் பரிசு வந்தது 2015-ல்.

நம் தம்பிக்கு இந்தக் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. ஆர்டெமிசினினின் உயிர் அதிலுள்ள பெராக்சைடு பாலத்தில் இருக்கிறது. 254 நானோமீட்டரில் அதைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, ஒளியை விழுங்கும் அமைப்பு அதில் இல்லை. அவனுடைய முறையில் தேடியிருந்தால் இலையிலுள்ள ஃப்ளேவனாய்டுகளைத்தான் கொண்டாடியிருப்பான். து யூயூ துரத்தியது பீக்கை அல்ல, எலியின் ரத்தத்தை.

எனவே இரண்டு விதமாகவும் சாறு எடுங்கள். ஒன்று, நோயாளி குடிப்பது போல: அரை மணி நேரம் ஊறவைத்து, மண் பாத்திரத்தில் காய்ச்சி, வடிகட்டி, மறுபடி ஒரு முறை காய்ச்சி, இரண்டையும் சேர்த்து. (பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் தண்ணீர் இங்கே 97 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். நோட்டில் 100 என்று எழுதாதீர்கள்.) இன்னொன்று, அறை வெப்பத்தில் மெத்தனாலில் ஊறவைப்பது. கரைப்பானை ஆவியாக்கும் ரோட்டாவேப்பில் தண்ணீர்த் தொட்டி 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். இரண்டு சாறும் சோதனையில் வேறு வேறு விதமாக நடந்துகொண்டால் அதுவே ஒரு செய்தி.

கணக்குப் புத்தகம்

இனி தாத்தாவின் வேலை. மெத்தனால் சாற்றை உலர்த்தி, தண்ணீரில் கலக்கி, பிரிபுனலில் ஹெக்சேன், எத்தில் அசிடேட், பியூட்டனால் என்று வரிசையாகக் குலுக்கிப் பிரிக்கிறோம். கொழுப்பும் பச்சையமும் ஹெக்சேனில் போகும், ஆண்ட்ரோகிராஃபோலைடு மாதிரி நடுத்தரப் பொருட்கள் எத்தில் அசிடேட்டில், சர்க்கரை ஒட்டியவை பியூட்டனாலில், மிச்சம் தண்ணீரில். ஒவ்வொன்றையும் உலர்த்தி எடை போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐசி50 எடுக்க வேண்டும். செல் கக்கும் நைட்ரிக் ஆக்சைடைப் பாதியாகக் குறைக்கத் தேவைப்படும் செறிவு அது. எண் சிறியதாக இருந்தால் மருந்து வீரியமானது.

இங்கேதான் எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். எத்தில் அசிடேட்டுக்குச் சின்ன எண், அதைப் பிடி என்று ஓடுகிறார்கள். ஒரே ஒரு வகுத்தல் பாக்கி இருக்கிறது: எடையை ஐசி50-யால் வகுங்கள். விடை ஒரு கொள்ளளவாக வரும். இந்தப் பகுதி முழுவதையும் எத்தனை லிட்டரில் கரைத்தாலும் நைட்ரிக் ஆக்சைடைப் பாதியாகக் குறைக்கும் என்று அதற்கு அர்த்தம்.

புரிவதற்காக நானே போட்ட கணக்கு ஒன்று. மொத்தச் சாறு 12 கிராம், ஐசி50 மி.லி.க்கு 40 மைக்ரோகிராம். வகுத்தால் 300 லிட்டர். இது வரவு. இனி செலவு: ஹெக்சேன் 3 கிராம், ஐசி50 200, ஆக 15 லிட்டர். எத்தில் அசிடேட் 2.5 கிராம், 12.5, ஆக 200 லிட்டர். பியூட்டனால் 2.5 கிராம், 50, ஆக 50 லிட்டர். தண்ணீர் 4 கிராம், 400, ஆக 10 லிட்டர். கூட்டினால் 275. முந்நூறில் 275 கைக்கு வந்துவிட்டது, எத்தில் அசிடேட்டில்தான் பெரும்பங்கு. தைரியமாக அதைக் காலத்தில் (column, பொருட்களைப் பிரிக்க சிலிக்கா நிரப்பிய குழாய்) ஏற்றலாம்.

கூட்டுத்தொகை 100 என்று வந்திருந்தால்? அப்போது காலத்தைத் தொடாதீர்கள். 200 லிட்டர் எங்கேயோ ஒழுகிவிட்டது. நான்கு பகுதிகளையும் பிரிந்த அதே விகிதத்தில் திரும்பக் கலந்து சோதியுங்கள். பழைய வேலை திரும்பவில்லை என்றால் பொருள் வழியில் சிதைந்துவிட்டது, அல்லது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. திரும்பிவிட்டது என்றால் விஷயம் சுவாரஸ்யமானது: இரண்டு பொருட்கள் கூட்டாக வேலை செய்கின்றன, நீங்கள் அவற்றைப் பிரித்துவிட்டீர்கள்.

அப்படி நிஜமாகவே நடக்கும். பெர்பெரின் என்ற மஞ்சள் பொருள் சீனர்களின் ஹுவாங் லியனிலும் உண்டு, நம் மரமஞ்சளிலும் உண்டு. பாக்டீரியாவைக் கொல்லும், ஆனால் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஒரு பம்ப் வைத்து அதை வெளியே இறைத்துக்கொட்டிவிடும். பெர்பெரின் உள்ள சில பெர்பெரிஸ் செடிகளில் மெத்தாக்ஸிஹிட்னோகார்பின் என்று இன்னொன்று இருக்கிறது. தனியாக விட்டால் அது ஒரு பாக்டீரியாவையும் கொல்லாது. அந்தப் பம்பை அடைப்பதுதான் அதன் வேலை. இதை 2000-ல் வெளியிட்டார்கள். பெர்பெரினை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு, ‘செடி வேலை செய்தது, மருந்து செய்யவில்லையே’ என்று உட்கார்ந்திருந்தால் குற்றம் செடியுடையது அல்ல.

ஏமாற்றுக்காரர்கள்

என் நாலு மாதத்தைத் தின்றது டானின். அப்போது நான் வேறொரு ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். ஒரு பட்டைச் சாறு நொதியை அபாரமாகத் தடுத்தது. பிரிக்கப் பிரிக்க எல்லாப் பகுதியிலும் வேலை. ‘பலே, எத்தனை மருந்து!’ என்று மேலிடத்துக்கு அறிக்கையும் போட்டாகிவிட்டது. டானின் எந்தப் புரதத்தைப் பார்த்தாலும் போய்க் கட்டிக்கொள்ளும், நொதியும் புரதம்தானே. தோலைப் பதப்படுத்தும் அதே வேலை. சாற்றை பாலிஅமைடு வழியாக ஒரு தடவை விட்டால் டானின் அதில் தங்கிவிடும். விட்டேன், வேலை காணாமல் போனது. அந்த அறிக்கை இன்னும் எங்கோ ஒரு கோப்பில் இருக்கும்.

அதிலிருந்து எந்த நொதிச் சோதனையையும் இரண்டாகப் போடுகிறேன்: ஒன்று சாதாரணமாக, இன்னொன்று 0.01 சதவீத ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்பு சேர்த்து. சோப்பு சேர்த்ததும் வேலை பறந்துவிட்டால் பெரும்பாலும் அது கட்டிகட்டியாகத் திரண்டு நொதியை மூடிய பொருள். நிறமுள்ளவை, தானே ஒளிர்பவை எல்லாம் கருவியின் கண்ணை மறைக்கும். மஞ்சளின் குர்குமினைப் பற்றி 2017-ல் மருந்து வேதியியலாளர்கள் இதைத்தான் விலாவாரியாக எழுதினார்கள்: சோதனைக் குழாயில் அது ஜெயிக்கும் இடங்கள் பலவற்றில் அது சோதனையையே குழப்புகிறது என்று. மஞ்சளைக் குறை சொன்னால் வீட்டில் அம்மாவுக்குக் கோபம் வரும், அது வேறு.

இன்னொரு ஏமாற்றுக்காரன் பிளாஸ்டிக். ஒரு தடவை எல்சி-எம்எஸ்ஸில் எடை 391-ல் அழகான பீக், உடைத்தால் 149. எல்லா மாதிரியிலும் இருந்தது. இஞ்சியிலும் இருந்தது, ஜின்செங்கிலும் இருந்தது, வெறும் மெத்தனாலிலும் இருந்தது. பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் தாலேட் அது, குழாய் மூடியிலிருந்து கரைந்து வந்தது. செடியே போடாமல் வெறும் கரைப்பானை எல்லாப் படிகளிலும் நடத்திக் கூட்டிப்போங்கள். அதற்குப் பெயர் பிளாங்க். சலிப்பான வேலைதான்.

பிளேட்டில் கண்ணால் பார்ப்பது

எல்சி-எம்எஸ் இருக்கும்போது டிஎல்சி (சிலிக்கா பூசிய பிளேட்டில் பொருட்களைப் பிரிப்பது) எதற்கு என்று கேட்பவர்களோடு நான் சண்டை போடுவேன். ஒரு பிளேட்டில் பத்து மாதிரி ஓட்டலாம், பிளேட்டின் மீதே சோதனையும் போடலாம். மழைக்காலத்தில் பெங்களூர் ஈரத்துக்கு சிலிக்கா மந்தமாகிவிடும். 105 டிகிரி அடுப்பில் அரை மணி நேரம் காயவைத்துவிட்டு ஓட்டுங்கள்.

மரமஞ்சள் சாற்றை ஓட்டி 366 நானோமீட்டர் விளக்கின் கீழ் வையுங்கள். பெர்பெரின் பளீரென்று மஞ்சளாக எரியும். நிலவேம்பை ஓட்டிவிட்டு கெட் கரைசலைத் தெளித்தால் ஆண்ட்ரோகிராஃபோலைடு நாவல்பழ நிறத்தில் எழும்பும். கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும், அதனால் உடனே படம் எடுங்கள். ஆர்டெமிசினினைக் காண அனிஸால்டிஹைடு-கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்க வேண்டும்.

இதைவிட அழகு, பிளேட்டே மருந்தைக் காட்டிக்கொடுப்பது. ஞாபக மறதிக்காகச் சீனாவில் ஆராய்ந்த ஹூபெர்சின் ஏ, சியன் செங் டா என்ற பாசி போன்ற சிறு செடியில் மிகச் சொற்பமாக இருக்கிறது. பீக் பார்த்து அதைப் பிடிப்பது கஷ்டம். ஓட்டிய பிளேட்டின் மேல் அசிடைல்கோலின் எஸ்டரேஸ் நொதியைத் தெளித்து, நாஃப்தைல் அசிடேட்டும் ஃபாஸ்ட் ப்ளூ பி-யும் விட்டால் பிளேட் முழுவதும் ஊதா ஆகும். நொதியைத் தடுக்கும் பொருள் இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். அந்த வெள்ளைப் பொட்டைச் சுரண்டி எடுத்துக்கொண்டு எம்எஸ்ஸுக்குப் போகலாம். ஊதாவுக்கு நடுவில் முதல் வெள்ளைப் பொட்டைப் பார்த்த நாளில் நான் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

பெயர் வைப்பதற்கு முன் பழைய பெயரா என்று பாருங்கள்

வேலை செய்யும் பகுதி ஒன்றிரண்டு பொருளாகச் சுருங்கியதும் எல்சி-எம்எஸ் ஓட்டி, ஏற்கெனவே தெரிந்த பொருளா என்று பார்க்க வேண்டும். பொருள் கருவிக்குள் உடைந்து தரும் துண்டுகளின் எடைகளை ஜிஎன்பிஎஸ் என்ற இணையதளத்தில் இலவசமாக ஏற்றி ஒப்பிடலாம். தம்பி இங்கே தடுமாறினான். ஆண்ட்ரோகிராஃபோலைடின் மூலக்கூறு எடை 350. 351-ல் தேடினான், ஒன்றும் பெரிதாக இல்லை. அது சோடியத்தைக் கூட்டிக்கொண்டு 373-ல் நிற்கும், அல்லது ஒரு தண்ணீரை உதறிவிட்டு 333-ல் நிற்கும். எடை பார்க்கும்போது யார் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கணினியில் மட்டும் ‘செயல்படும் பொருள்’ கண்டுபிடிக்கும் வழி ஒன்று இப்போது பெருகிவிட்டது. சீன மூலிகைத் தரவுத்தளத்தில் செடியின் பெயரைப் போட்டு, வாய்வழி உறிஞ்சல் 30 சதவீதத்துக்கு மேல், மருந்துத்தன்மை 0.18-க்கு மேல் என்று சல்லடை போட்டு, வலைப்பின்னல் படம் வரைந்துவிடுகிறார்கள். என் கருத்தைக் கேட்டால், எந்தச் செடியைப் போட்டாலும் குவெர்செட்டினும் பீட்டா-சைட்டோஸ்டெராலும் வந்து நிற்கும் சல்லடையில் ஓட்டை இருக்கிறது. யோசனை எடுக்கப் பயன்படுத்துங்கள். அதையே முடிவென்று எழுதாதீர்கள்.

பொருள் புதிதாக இருந்தால், அல்லது சந்தேகம் தீரவில்லையென்றால், சிலிக்கா காலம், அப்புறம் செஃபடெக்ஸ் எல்ஹெச்-20, முடிந்தால் படிகம். சில மில்லிகிராம் இருந்தால் மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆருக்குப் போதும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) அதற்கென்றே மையம் இருக்கிறது. 95 சதவீதம் சுத்தம் என்று சான்றிதழ் வந்ததும் ஆடாதீர்கள், மிச்ச ஐந்து சதவீதம்தான் வேலை செய்ததாக இருக்கலாம். அதே பொருளை வேறு இடத்திலிருந்து ஸ்டாண்டர்டாக வாங்கி, உங்கள் பொருளோடு ஒரே தட்டில் போடுங்கள். இரண்டின் ஐசி50-யும் ஒத்துப்போனால்தான் பெயர் எழுதலாம்.

இன்னும் ஒன்று. தட்டில் வேலை செய்வது வேறு, வயிற்றுக்குள் போனபின் வேலை செய்வது வேறு. அதிமதுரத்தை, சீனர்களின் கன் சாவ்வை, எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இனிப்பான கிளைசிரைசின் அப்படியே ரத்தத்துக்குள் பெரிதாகப் போவதில்லை. குடலிலுள்ள பாக்டீரியா அதன் சர்க்கரைகளை வெட்டி கிளைசிரெட்டினிக் அமிலமாக்குகிறது. ரத்தத்தில் சுற்றுவது அதுதான். அளவு மீறினால் பொட்டாசியத்தைக் குறைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றுவதும் அதுதான். ஜின்செங்கின் ஜின்செனோசைடுகளுக்கும் குடலில் இதே கதி. சர்க்கரை ஒட்டிய பொருள் தட்டில் சும்மா இருந்தால் குப்பையில் போடும் முன் சர்க்கரையை வெட்டிவிட்டு ஒரு முறை சோதியுங்கள்.

தம்பியின் தென்னை மரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 225 நானோமீட்டரில் அதே சாற்றை மறுபடி ஓட்டச் சொன்னேன். தென்னை குட்டையானது, பக்கத்தில் புல்லாகக் கிடந்தது எழுந்து நின்றது. அது ஆண்ட்ரோகிராஃபோலைடு. எத்தில் அசிடேட் பகுதியைக் காலத்தில் ஏற்றிப் பிரித்து, நேற்று கணக்குப் போட்டுக் கொண்டுவந்தான். ஏற்றியது 180 லிட்டர், ஆண்ட்ரோகிராஃபோலைடு உள்ள பகுதி 95, மற்றவை எல்லாம் சேர்த்து 20.

"அக்கா, 65 லிட்டர் எங்கே போனது?"

அவனாகவே கேட்டான். திரும்பக் கலந்து பார்க்க இன்று காலை பன்னிரண்டு சீசாக்களை எடை போட்டுக்கொண்டிருக்கிறான்.